மாமல்லபுரத்துத் தவப் பூனை

மாமல்லபுரத்துக்குச் சென்று மீள்வோர் கடற்கரைக் கோயிலைப் பற்றிப் பேசுவர். ஒற்றைக்கல் இரதங்களைப் பற்றிப் பேசுவர். பெரும்பாறைச் சிற்பத்திலுள்ள யானைகளை வியந்து பேசுவர். அதே பாறையில் நிற்கும் பூனையைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். அதனைக் காணாமலே திரும்பி வந்தோரும் உளர். யானையைப் பார்க்கும் கண்ணுக்குப் பூனை அகப்படுவதில்லை என்பது ஒரு காரணம். தன்னைப் பிறர் உற்று நோக்குவதைப் பூனையும் விரும்புவதில்லை என்பது மற்றொரு காரணம்.

இந்தப் பூனையினால் யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றிலே மூன்று நண்பர்களுக்கிடையில் ஏறக்குறையப் பகை மூண்டுவிட்ட கதையொன்று உண்டு.

மூவரில் ஒருவர் தமிழ்ப் பண்டிதர். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஆயினும் படிப்பிப்பதிலிருந்து ஓய்வு பெறாதவர். மற்றொருவர் சித்திர ஆசிரியர். மூன்றாமவர் சந்தியிலே பலசரக்குக் கடை வைத்திருக்கும் முதலாளி. ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்குத் தருமகர்த்தாவும் அவரே. முப்பது ஆண்டுகளாக மாலை தவறாமல் அந்தக் கடை வாசலில் உள்ள வாங்கிலே மூவரும் கூடுவர். உலகத்துக் காரியங்கள் யாவும் அங்கே தீர்த்து வைக்கப்பெறும். தீராதவை மறுநாளுக்கு ஒத்திவைக்கப்பெறும்.

பிள்ளையார் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நெருங்கியது. வெளிமண்டபத்துச் சுவர் வெறிதே வெள்ளையடித்துக் கிடந்தது. அதிலே ஒரு சித்திரம் தீட்ட வேண்டும் என்று சித்திர ஆசிரியர் விரும்பினார். வர்ணத்துக்கும் தூரிகைக்கும் உரிய செலவை முதலாளி ஏற்றுக்கொண்டார். ஆசிரியர் முன்பொருமுறை மாமல்லபுரத்துக்குப் போனவர். பல புகைப்படங்களுடன் திரும்பியவர். அவற்றை வைத்துக்கொண்டு, சுவருக்கு முன்னே படங்கு கட்டி மறைத்து, நாற்பது நாள் வேலை செய்தார். என்ன தீட்டுகிறார் என்பதை எவருக்கும் சொல்லவில்லை.

படங்கு விலகிய அன்று ஊரே கூடி நின்றது. சுவரிலே மாமல்லபுரத்துப் பெரும்பாறை எழுந்து நின்றது. அந்தப் பாறை சிறிதன்று. ஏறத்தாழ 90 அடி நீளமும் 30 அடிக்கு மேற்பட்ட உயரமும் உடையது. நடுவே இயற்கையாக அமைந்த பிளவு ஒன்று அதனை இரண்டாகப் பிரிக்கின்றது. பிளவினுள்ளே நாகர்கள் கைகூப்பி மேலெழுகின்றனர். முற்காலத்திலே பாறையின் மேல் நீர் தேக்கி, பிளவின் வழியாக அருவிபோல விழச் செய்தனர் என்பதற்கு அடையாளங்கள் உள. இடப்புறத்திலே ஒரு தவசி ஒற்றைக்காலில் நின்று, கைகளிரண்டையும் தலைக்கு மேல் உயர்த்தி, விலா எலும்புகள் தெரிய நிற்கின்றார். அருகே சிவபெருமான் வரந்தரும் கோலத்தில் நிற்கின்றார். தேவரும் கின்னரரும் நாற்புறமிருந்தும் பிளவை நோக்கி விரைகின்றனர். வலப்புறத்திலே மெய்யான யானையின் அளவிலே யானைகள் நிற்கின்றன. அவற்றின் கால்களுக்கிடையே கன்றுகள் விளையாடுகின்றன. ஒரு மான் பின்னங்காலால் மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கின்றது. வானவர் வருகையெல்லாம் அதற்கு ஒரு பொருட்டன்று.

இவ்வளவையும் ஊரவர் வாய்திறந்து பார்த்துக்கொண்டிருந்த வேளையிலே ஒரு சிறுவன், "அங்கே பாருங்கோ, பூனை தவம் செய்யுது!" என்று கத்தினான்.

பெரிய யானையின் முன்னே, பின்னங்கால்களில் எழுந்து நின்று, முன்னங்கால்களிரண்டையும் தலைக்கு மேல் தூக்கி, மேலே நிற்கும் தவசியைப் போலவே பூனையொன்று நின்றது. அதன் காலடியில் எலிகள் சூழ்ந்திருந்தன. பக்தியோடு அதனை வணங்கின. கூட்டம் சிரித்தது. பிறகு இரண்டாம் முறையும் சிரித்தது. அந்த இரண்டாம் சிரிப்பிலேதான் வினை இருந்தது. பூனையின் நெற்றியிலே மூன்று குறி திருநீறு பளிச்சென்று தெரிந்தது, கழுத்திலே உருத்திராக்கம். முதலாளி நெற்றி நிறையத் திருநீறு பூசுபவர். சதுர்த்தி விரதம் தவறாதவர். உருத்திராக்கம் இல்லாமல் கோயிலுக்கு வாராதவர். பூனையைப் பார்த்த கண்கள் மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தன.

அன்று மாலை பண்டிதரும் ஆசிரியரும் கடைக்குச் சென்றபோது வாங்கு கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"நாளைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன்," என்றார் முதலாளி, கணக்குப் புத்தகத்தினின்று தலையை நிமிர்த்தாமலே.

"எதற்கு?" என்றார் ஆசிரியர்.

"எதற்கா? பிள்ளையார் கோயிற் சுவரிலே பூனையா? பிள்ளையாருக்கு வாகனம் எது என்று உமக்குத் தெரியாதா? வாகனத்தைத் தின்கிற சாதியை வீட்டுக்குள்ளே கொண்டுவந்து நிறுத்தினீரே!"

பண்டிதருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "முதலாளி, நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஆனால் உங்கள் கடையிலே பூனை இருக்கிறதே," என்றார். கடைப் பூனை அவ்வேளை தராசுத் தட்டிலே சுருண்டு படுத்திருந்தது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

"அது அரிசி மூடையைக் காக்கிறது. தவம் செய்யவில்லை."

"பூனையை நான் புனையவில்லை," என்று ஆசிரியர் புகைப்படத்தை எடுத்து நீட்டினார். "இது பல்லவச் சிற்பி வைத்த பூனை. மாமல்லன் எனப்பட்ட நரசிம்மவர்மன் காலத்தது; 630க்கும் 668க்கும் இடைப்பட்டது. அவனுக்குப் பின் வந்த இராசசிம்மன் காலத்தது என்பாரும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் ஆயிரத்திரு நூறு, முந்நூறு ஆண்டாக அந்தப் பூனை அங்கே நிற்கிறது. எந்த மன்னனும் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லவில்லை."

மேலும் தம் கட்சிக்குத் துணையாக அவர் வேறு சில கோயில்களையும் அழைத்தார். இரண்டாம் இராசராசன் எடுத்த தாராசுரத்துக் கோயிலிலே இடபமும் யானையும் ஒரே தலையைப் பங்கிட்டு நிற்கும் சிற்பம் உண்டு. ஒரு புறத்து உடலைக் கையால் மறைத்தால் யானை, மறுபுறத்தை மறைத்தால் இடபம். அதைக் கண்டு சிரியாத குழந்தை இல்லை. நம் நாட்டிலே அநுராதபுரத்து இசுருமுனியாவிலும் நீரோரப் பாறையிலே யானைகள் குளிக்கும் கோலத்திற் செதுக்கப்பட்டிருக்கின்றன. பல்லவச் சிற்பத்தின் சாயல் அவற்றிலே இருப்பதாக ஆராய்ச்சியாளர் பலர் கூறுவர். ஆண்டவன் சந்நிதியிலே விலங்குகளுக்கும் விளையாட்டுக்கும் இடம் கொடுத்த முன்னோர் நம்மிலும் பக்தி குறைந்தவர்களா என்பது ஆசிரியரின் கேள்வி.

"விளையாட்டு வேறு. ஏளனம் வேறு," என்றார் முதலாளி.

இது சிறிய சொல்லாயினும் பண்டிதரைச் சற்றே நிமிர்ந்து உட்காரச் செய்தது. அதாவது, உட்கார வாங்கு இல்லாமையால் வெங்காயச் சாக்கின் மேல் நிமிரச் செய்தது.

"பூனைக் கதை தெரியுமோ?" என்று அவர் தொடங்கினார். பாரதத்திலே உத்தியோக பருவத்தில் வரும் கதை அது. போர் தொடங்குமுன் துரியோதனன் உலூகனைத் தூதனுப்புகின்றான். தருமனிடம் போய், நீ பூனைத் தவம் செய்பவன் என்று சொல்லச் சொல்லி, இந்தக் கதையையும் சொல்லி விடுகின்றான். கங்கைக் கரையிலே ஒரு பூனை கைகளை உயர்த்தித் தவம் செய்வதாகக் காட்டி நின்றது. நாளடைவிலே பறவைகள் அதனை நம்பின, எலிகளும் நம்பின. எங்கள் மாமனாக இருந்து எங்களைக் காக்க வேண்டும் என்று எலிகள் வேண்டிக்கொண்டன. பூனை இணங்கியது. ஆனால் தவத்தாலே உடல் தளர்ந்துபோயிற்றாம். ஆற்றங்கரைக்கு நாள்தோறும் தன்னைக் கொண்டுசென்று விட வேண்டுமாம். எலிகள் அப்படியே செய்தன. மாமன் பருத்தான். மருமக்கள் குறைந்தனர்.

"ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லையா?" என்று முதலாளி கேட்டார். வணிகருக்கு முதலில் உறுத்துவது கணக்கு.

"பார்த்தார்கள். டிண்டிகன் என்னும் எலிக்குச் சந்தேகம் வந்தது. நீங்களெல்லாம் முன்னே போங்கள், நான் மாமனோடு பின்னே வருகிறேன் என்றது. அதையும் மாமன் தின்றான். பிறகு ஒரு கிழட்டு எலி, கிழங்கும் கனியும் உண்பவனுடைய எச்சத்திலே மயிர் இருப்பது எப்படி என்று கேட்டது. எலிகள் ஓடிவிட்டன. பூனை வந்த வழியே போயிற்று."

முதலாளி சிரித்துவிட்டார், சிரித்தமைக்காகத் தம்மைத் தாமே கோபித்துக்கொண்டு மீண்டும் முகத்தை இறுக்கிக்கொண்டார்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லுதல் தகும். பாறையிலுள்ள தவசி யார் என்பதிலே அறிஞர் உலகம் நெடுங்காலமாக இரண்டு கட்சியாக நிற்கின்றது. பாசுபதம் வேண்டி நின்ற அர்ச்சுனன் என்பது ஒரு கட்சி. வானத்துக் கங்கையைப் பூமிக்குக் கொணரத் தவஞ்செய்த பகீரதன் என்பது மறு கட்சி. இதனை 1914இல் விக்தர் கோலுபேவ் என்பவர் விரித்துரைத்தார். பிளவும் நாகரும் நீர் விழுந்த அடையாளமும் பின்னவர் கூற்றுக்கு வலுவளிக்கின்றன. பூனையோ இரு கட்சிக்கும் சாட்சி சொல்லக் கூடியது. கதை பாரதத்தில் உள்ளது, ஆகவே அர்ச்சுனன் என்று ஒரு சாரார் சொல்லலாம். கதை கங்கைக் கரையில் நிகழ்ந்தது, ஆகவே பகீரதன் என்று மற்றவர் சொல்லலாம். இரு பக்கத்தாருக்கும் நல்லபிள்ளையாக நிற்பது இந்தப் பூனைக்குப் பொருத்தமான தொழிலே. 1984இல் யுனெஸ்கோ மாமல்லபுரத்துச் சின்னங்களை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தபோது பூனையும் உடன் சேர்ந்துகொண்டது.

கடையிலே வாதம் தொடர்ந்தது.

"நான் சொல்வதைக் கேளும், மாஸ்டர்," என்றார் முதலாளி. இப்போது குரலிலே கோபம் குறைந்திருந்தது. "பொய்த் தவசியைக் காட்டிச் சிரிக்கிறீர். சிரிக்கிறவன் அதோடு நிற்பானா? பூனையைப் பார்த்த கண்ணோடு மேலே பார்ப்பான். அங்கே மெய்யான தவசி அதே மாதிரிக் கை தூக்கி நிற்கிறார். அவரையும் பார்த்துச் சிரிப்பான். பிறகு விரதம் பிடிக்கிறவன், திருநீறு பூசுகிறவன், எல்லாரும் பூனைதான்."

ஆசிரியர் விடை சொல்லத் தடுமாறினார். பண்டிதர்தான் சொன்னார்: "வள்ளுவர் இந்தப் பயத்தை அறியாதவரல்லர். தவத்தின் பெருமையைச் சொல்லும் அதிகாரம் 27ஆவது. பொய்வேடத்தைச் சொல்லும் கூடாவொழுக்கம் 28ஆவது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்திலே வைத்தார். புலித்தோல் போர்த்து மேயும் பசுவையும் அங்கேதான் காட்டினார். அதைப் படித்த எவரும் தவத்தை வெறுத்ததாகத் தெரியவில்லை. சிற்பியும் அப்படித்தான், மேலே ஒன்று, கீழே ஒன்று."

"அதுதான் நானும் சொல்கிறேன்," என்று ஆசிரியர் உற்சாகமடைந்தார். "கீழே நிற்பது கள்ளப் பூனை. மேலே நிற்பவர்..."

"கள்ளப் பூனை என்று எப்படிக் கண்டீர்?" என்று முதலாளி இடைமறித்தார். புகைப்படத்தைக் கையில் எடுத்து விளக்குக்கு அருகே பிடித்தார். "இந்தக் கல்லிலே பூனை எலியைத் தின்கிறதா?"

"இல்லை."

"வாயிலே எலி இருக்கிறதா?"

"இல்லை."

"எலி ஒன்றாவது ஓடுகிறதா?"

"ஓடவில்லை. கும்பிடுகின்றன."

"அப்படியானால் எந்தச் சாட்சியை வைத்து அதைக் கள்ளன் என்கிறீர்? பாரதத்துப் பூனை தின்றது. சரி. இந்தப் பூனை தின்றதற்குக் கல்லிலே அத்தாட்சி இல்லை."

சற்று முன்வரை பூனையின் மேற் சுண்ணாம்பு பூச நின்றவர் இப்போது பூனைக்கு வழக்கறிஞராகிவிட்டதைக் கண்டு இருவரும் வியந்தனர். பண்டிதருக்கு ஒன்று நினைவு வந்தது. "அப்படிச் சொல்வாரும் உண்டு," என்றார். "கங்கை இறங்கும் நல்ல வேளையிலே உயிர்களெல்லாம் பகை மறந்தன, அதே பாறையிலே சிங்கமும் மானும் இருக்கின்றன, ஒன்றையொன்று துரத்தவில்லை, அதுபோலவே பூனையும் எலியும் என்பர். கதையை அறிந்தவன் பார்த்தால் அது கள்ளப் பூனை. அறியாதவன் பார்த்தால் அடியார் பூனை. சிற்பி எலி தின்கிற நேரத்தைச் செதுக்கவில்லை. அதற்கு முந்திய நேரத்திலே உளியை நிறுத்திவிட்டான்."

"இரண்டில் எது சரி?" என்றார் ஆசிரியர்.

"எலிகளைத்தான் கேட்க வேண்டும்," என்றார் பண்டிதர்.

முதலாளி சிரிக்கவில்லை. புகைப்படத்தை மேசை மேல் வைத்தார். கடைப் பையன் இறாக்கைக்குப் பின்னால் எதையோ உருட்டும் ஓசை அடங்கும் வரை காத்திருந்து, தணிந்த குரலிற் பேசினார்.

"அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த வருஷம் உங்களிருவருக்கும் நினைவிருக்கும். பின்னறையிலே நாற்பது மூடை வைத்துக்கொண்டு முன்னறையிலே இல்லையென்று கைவிரித்தவன் நான். சனம் கும்பிட்டுக் கேட்டது. விலை ஏறும் வரை பார்த்திருந்தேன். சதுர்த்தி விரதம் அதற்குப் பிறகு தொடங்கியது. திருநீறு அகலமானதும் அதற்குப் பிறகுதான். ஊரவருக்கு அது தெரியும். அதனால்தான் இரண்டாம் தரம் சிரித்தார்கள்." சிறிது நிறுத்தினார். "அந்தப் பூனையும் முன்னே எலி தின்றிருக்கும். பூனை வேறென்ன தின்னும்? இப்போது கை தூக்கி நிற்கிறது. இன்றைக்கு நிற்பது பொய்யென்று யார் கண்டது? பூனைக்கே தெரியுமோ தெரியாது."

மூவரும் சற்று நேரம் பேசவில்லை. முப்பது ஆண்டுகளில் அந்த வாசலிலே அத்தகைய மௌனம் அதிகம் வந்ததில்லை.

"புகைப்படத்துப் பூனைக்கு நெற்றியிலே திருநீறு இல்லை, மாஸ்டர்," என்றார் பண்டிதர் மெதுவாக.

ஆசிரியர் தலை குனிந்தார். "இல்லை," என்றார். "உருத்திராக்கமும் இல்லை. அவை சிற்பி வைத்தவையல்ல. கடைசி நாள் நான் வைத்தவை. சனம் சிரிக்கட்டும் என்று நினைத்தேன். யாரை நினைத்துச் சிரிக்கும் என்பதையும் நினைத்திருந்தேன் போலும்."

அதற்கு முதலாளி மறுமொழி கூறவில்லை. எழுந்து சென்று வாங்கை நிமிர்த்தி வைத்தார். பையனைக் கூப்பிட்டு மூன்று தேநீர் சொன்னார்.

மறுநாட் காலை சுண்ணாம்புக்காரன் வந்தபோது சித்திர ஆசிரியர் ஏணியில் நின்று பூனையின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உருத்திராக்கம் முன்னரே மறைந்திருந்தது. முதலாளி கீழே நின்று ஏணியைப் பிடித்திருந்தார். சுண்ணாம்புக்காரனை மடைப்பள்ளிச் சுவருக்கு அனுப்பினார்.

"போதுமா?" என்று ஆசிரியர் மேலிருந்து கேட்டார்.

முதலாளி பின்வாங்கி நின்று நெடுநேரம் பார்த்தார். திருநீறு நீங்கிய பூனை முன்னிலும் பணிவுடையதாகத் தோன்றியது; அல்லது முன்னிலும் கள்ளமுடையதாகத் தோன்றியது. இதிலே பிறகு ஊரவரும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

"பூனை இருக்கட்டும்," என்றார். "எலிகளில் மட்டும் ஒரு குறை. எல்லாம் கும்பிடுகின்றன. ஒன்றைக் கும்பிடாமல் சற்று விலகி நிற்கச் செய்யும். தலையைத் திருப்பி மற்றவற்றை எண்ணிப் பார்க்கிற மாதிரி."

"டிண்டிகனா?" என்றார் திண்ணையிலிருந்த பண்டிதர்.

"பேர் எதுவாயினும் சரி," என்றார் முதலாளி. "மாமன் நல்லவனாக இருந்தாலும் கணக்குப் பார்க்கிற ஒருவன் பக்கத்திலே நிற்பது மாமனுக்கும் உதவி."

கும்பாபிஷேகத்தன்று கோயிலுக்கு வந்த சிறுவர்கள் முதலில் ஓடியது அந்தச் சுவரடிக்குத்தான். எலிகள் எத்தனை என்று அவர்கள் உரத்து எண்ணினர். ஒருவன் எண்ணிய தொகை மற்றொருவனுக்கு வரவில்லை. சண்டை மூண்டது. தீர்த்து வைக்க முதலாளியை அழைத்தனர். அவர் மடித்த சால்வையைத் தோளிலே போட்டுக்கொண்டு வந்து, விரலை நீட்டி, ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார்.